அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் கீழ் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், அவற்றைச் சேர்ந்த துணை சுகாதார நிலையங்களிலும், மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி போடப்படுகிறது. இந்தச் சேவையைப் பற்றிப் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தவணை தவறிவிட்டது, அட்டை தொலைந்துவிட்டது, போனால் திட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பங்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

தடுப்பூசி எங்கே, எந்தக் கிழமையில் போடப்படுகிறது?

தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். அன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும், முன்கூட்டியே வகுத்த திட்டப்படி துணை சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடி மையங்களிலும் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போடுவார். ஒரு செவிலியரின் பொறுப்பில் பல ஊர்கள் இருப்பதால், உங்கள் ஊருக்கு மாதத்தின் எந்தப் புதன் என்பதை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த நாளை விட்டுவிட்டால் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே நேரில் போகலாம். பெரிய அரசு மருத்துவமனைகளில் மற்ற நாட்களிலும் தடுப்பூசி கிடைக்கும். பிரசவம் நடக்கும் அரசு மருத்துவமனையில், பிறந்த குழந்தைக்கு உரிய ஊசிகளை எந்தக் கிழமையானாலும் போட்டுவிடுவார்கள்.

பணம் கட்ட வேண்டுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. தாய் சேய் நல அட்டையையும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி எண்ணையும், வீட்டில் ஒருவருடைய கைப்பேசி எண்ணையும் கொண்டுபோனால் பதிவு விரைவாக முடியும். ஆதார் அட்டையோ குடும்ப அட்டையோ இல்லை என்பதற்காகக் குழந்தைக்கு ஊசி மறுக்கப்படக் கூடாது. செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் பின்னலாடை ஆலைகளிலும் வேலை செய்ய வந்திருக்கும் வேறு மாநிலத்துக் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். உங்கள் பக்கத்துக் குடியிருப்பில் அப்படிப்பட்ட குழந்தை இருந்தால் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மொழி தெரியாத இடத்தில் புதன்கிழமையின் கணக்கு அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பதிவு செய்திருக்கும் தாய்மார்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவியின் ஒரு பகுதி, குழந்தைக்கு உரிய தடுப்பூசிகளைப் போட்ட பிறகே விடுவிக்கப்படுகிறது. ஆகவே ஊசி போட்ட விவரம் உங்கள் பிக்மி எண்ணில் ஏறிவிட்டதா என்று அன்றைக்கே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த வயதில் எந்தத் தடுப்பூசி?

குழந்தை பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியும், போலியோ சொட்டு மருந்தின் முதல் தவணையும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கு எதிரான ஊசியும் தரப்படும். இவற்றில் ஹெபடைட்டிஸ் பி ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றக்கூடிய வைரஸ் அது என்பதால், மணிக்கணக்கு இங்கே முக்கியம்.

அதன்பின் 6, 10, 14 வாரங்களில், அதாவது வீடுகளில் ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்று சொல்லப்படும் மூன்று தவணைகள் வரும். மூன்றிலும் பென்டாவேலன்ட் ஊசியும் போலியோ சொட்டு மருந்தும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் மருந்தும் உண்டு. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் எனப்படும் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் ஆகிய ஐந்துக்கும் எதிரானது பென்டாவேலன்ட். நாட்டிலேயே முதன்முதலில் இந்த ஊசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அறிமுகமானது. ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் மட்டும் கூடுதலாக இரண்டு ஊசிகள் இருக்கும்: ஒன்று, தோலுக்குள் 0.1 மில்லிலிட்டர் மட்டும் செலுத்தப்படும் போலியோ ஊசி. மற்றொன்று, நிமோகாக்கல் கிருமிக்கு எதிரான பி.சி.வி. ஊசி.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் முதல் தவணையும், பி.சி.வி. ஊக்குவிப்பு ஊசியும், 2023 ஜனவரி முதல் சேர்க்கப்பட்ட மூன்றாவது போலியோ ஊசியும், வைட்டமின் ஏ திரவமும் தரப்படும். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி ஆகிய மூன்றுக்கும் எதிரானது) முதல் ஊக்குவிப்பு, போலியோ சொட்டு மருந்து ஆகியவை வரும். வைட்டமின் ஏ திரவம் அதற்குப் பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயதுவரை தொடரும். ஐந்து வயதில் முத்தடுப்பின் இரண்டாம் ஊக்குவிப்பும், 10, 16 வயதுகளில் இரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய இரண்டுக்கும் எதிரான டி.டி. (Td) ஊசியும் உண்டு.

விழுப்புரம், கடலூர் போன்ற சில மாவட்டங்களில் மட்டும் ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி சேரும். நெல்வயல் நீரில் பெருகும் கொசுக்களால் பரவும் அந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் 1955இல் வேலூர்ப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. உங்கள் மாவட்டத்தில் அந்த ஊசி இல்லையென்றால், விடுபட்டுவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம்.

ஒரே நாளில் மூன்று ஊசியா? பச்சைக் குழந்தை தாங்குமா?

தாங்கும். ஒன்றரை மாதத்தில் இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் பி.சி.வி., வலது மேற்கையில் போலியோ ஊசி என்று மூன்று இடங்களில் குத்துவதைப் பார்க்கப் பெரியவர்களுக்கு மனம் பதறும், அதில் வியப்பில்லை. ஆனால் பிறந்த நாளிலிருந்தே எண்ணற்ற கிருமிகளைச் சந்தித்துவரும் குழந்தையின் உடலுக்கு இந்த ஊசிகள் பெரிய சுமை அல்ல. பிரித்துப் போடச் சொல்வதால் அழும் நாள் இரண்டாகுமே தவிர வலி குறையாது; பாதுகாப்பில்லாத நாட்கள்தான் கூடும். ஊசி போட்டவுடன் மடியில் கிடத்தித் தாய்ப்பால் கொடுப்பதே சிறந்த ஆறுதல். சொட்டு மருந்து கொடுத்த பிறகு அரை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். அப்படி எந்த விதியும் இல்லை.

இலவச ஊசி என்றால் தரம் குறைவாக இருக்குமோ?

நான் மிக அதிகமாக எதிர்கொண்ட ஐயம் இதுதான். கடன் வாங்கியாவது தனியாரிடம் போட்டுவிடுகிறோம் என்று சொல்லும் குடும்பங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அரசுக்கும் தனியாருக்கும் தடுப்பூசி தருபவை பெரும்பாலும் ஒரே வகை உரிமம் பெற்ற இந்தியத் தயாரிப்பு நிறுவனங்கள்தாம். தரத்தைக் கெடுக்கக்கூடியது வெப்பமும், சில ஊசிகளுக்கு உறைநிலையும். அதற்காகவே தயாரிப்பு இடத்திலிருந்து குழந்தையின் தொடைவரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்நிலையைக் காக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கென்றே தனிக் குளிர்பெட்டி உண்டு. அதன் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். அதில் தண்ணீர்ப் புட்டியோ உணவோ வைக்கக் கூடாது. புதன்கிழமை காலை அங்கிருந்துதான் பனிக்கட்டிப் பொதிகள் நான்கு வைத்த சிறிய பெட்டியில் ஊசி மருந்து உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வருகிறது.

நீங்களே கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. மருந்துக் குப்பியின் சீட்டிலோ மூடியிலோ ஊதா நிற வட்டமும் அதற்குள் வெளிர்நிறச் சிறு சதுரமும் இருக்கும். வெப்பம் பட்ட அளவுக்கு அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே போகும். ஒருமுறை கருத்தால் மீண்டும் வெளுக்காது. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை மருந்தைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் வட்டத்தைவிட அடர்ந்துவிட்டாலோ அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். குப்பியைக் காட்டுமாறு கேட்பது செவிலியரை அவமதிப்பதாகாது. வேலையைச் செம்மையாகச் செய்பவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். அதுபோலவே, அரசு பயன்படுத்தும் ஊசிக்குழல் ஒருமுறை அழுத்தியதும் தானாகவே பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அதை மறுபடி பயன்படுத்த நினைத்தாலும் முடியாது.

தனியார் மருத்துவமனையில் சொல்லும் 'வலியில்லா ஊசி' அரசில் ஏன் இல்லை?

கக்குவான் இருமலுக்கான பகுதியில்தான் வேறுபாடு. அரசின் பென்டாவேலன்டில் அந்தக் கிருமி முழுமையாகச் செயலிழக்கச் செய்யப்பட்டுச் சேர்க்கப்படுகிறது. தனியாரின் விலை கூடிய ஊசியில் அதன் சில கூறுகள் மட்டும் இருக்கும். அதனால் அங்கே காய்ச்சலும் வீக்கமும் குறைவாக வரலாம். வலியே இருக்காது என்பது சரியல்ல. நோயைத் தடுக்கும் ஆற்றலில் அரசு ஊசி எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல என்பதால், ஒரு நாள் காய்ச்சலுக்கு அஞ்சிப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டிய தேவை ஏழைக் குடும்பத்துக்கு இல்லை என்பது என் கருத்து.

தாளம்மை, சின்னம்மை, டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ போன்றவற்றுக்கான ஊசிகள் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. வசதி உள்ளவர்கள் குழந்தை மருத்துவரின் ஆலோசனையோடு அவற்றைத் தனியாரிடம் போட்டுக்கொண்டு, மற்றவற்றை அரசு நிலையத்தில் போடலாம். இரண்டு இடங்களிலும் மாறி மாறிப் போடுவதில் தவறில்லை. ஆனால் எல்லா விவரமும் ஒரே அட்டையில் இருக்க வேண்டும்.

குழந்தை பிறந்தது தாய்வீட்டில். இப்போது புகுந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். எங்கே போடுவது?

இருக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ தாயும் சேயும் ஊர் மாறும் வழக்கம் நம்மிடையே இருப்பதால், மூன்றரை மாத ஊசி அந்த இடைவெளியில்தான் நழுவிப்போகிறது. தாய்வீட்டுச் செவிலியர் குழந்தை புறப்பட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். புகுந்த ஊர்ச் செவிலியருக்குக் குழந்தை வந்த செய்தியே எட்டியிருக்காது. புறப்படும் முன் ஒருவரிடமும், போய்ச் சேர்ந்ததும் மற்றவரிடமும் சொல்லிவிட்டால் போதும். மத்திய அரசின் யூ-வின் தளத்தில் கைப்பேசி எண்ணைக் கொண்டு பதிவு செய்திருந்தால் வேறு மாவட்டத்திலும் மாநிலத்திலும் பழைய தவணைகளைப் பார்த்து அடுத்ததைப் போட முடியும், சான்றிதழையும் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

தவணை தவறிப் பல மாதங்களாகிவிட்டன. இனிப் போய்ப் பயன் உண்டா?

கட்டாயம் உண்டு, இந்த வாரமே போங்கள். எவ்வளவு தாமதமானாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏற்கெனவே போட்ட ஊசி வீணாகாது. முதல் பென்டாவேலன்டுக்கும் இரண்டாவதற்கும் இடையே நான்கு வாரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை; நான்கு மாதமாகிவிட்டது என்பது தடையல்ல.

சில ஊசிகளுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. பி.சி.ஜி. ஊசியை ஒரு வயதுவரை போடலாம். பென்டாவேலன்ட், ரோட்டா, பி.சி.வி. ஆகியவற்றின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கிவிட்டால் மீதித் தவணைகளைப் பிறகும் முடிக்கலாம். பென்டாவேலன்ட் ஒன்றுமே போடாமல் ஒரு வயது கடந்த குழந்தைக்கு அதற்குப் பதிலாக முத்தடுப்பு ஊசி ஏழு வயதுவரை போடப்படும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் ஐந்து வயதுவரை கிடைக்கும். ஆகவே மூன்று வயதுவரை ஒரு ஊசியும் போடாத குழந்தையானாலும் செவிலியரால் அதற்கேற்ற அட்டவணை போட்டுத் தர முடியும்.

ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கடிந்துகொள்வார்களோ என்ற தயக்கமே பலரை வாசலில் நிறுத்திவிடுகிறது. கடிந்துகொள்வது தவறு என்று பணியாளர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. திட்டு வாங்கிய தாய் அடுத்த தவணைக்கு வரமாட்டார். அந்த ஒரு சொல்லுக்கு விலை கொடுப்பது குழந்தை.

தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

செவிலியரின் பதிவேட்டிலும் பிக்மி, யூ-வின் பதிவுகளிலும் தேடிப் புதிய அட்டை எழுதித் தருவார்கள். எங்குமே பதிவில்லை என்றால், போடாததாகவே கருதி வயதுக்கேற்ற ஊசிகளைப் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பானது. ஒரு தவணை கூடுதலாகப் போனாலும் கெடுதல் இல்லை. அட்டையை இன்றே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது. ஊசியைத் தள்ளிப் போடலாமா?

மூக்கொழுகல், இலேசான இருமல், இலேசான காய்ச்சல், ஓரிரு முறை வயிற்றுப்போக்கு ஆகியவை ஊசியைத் தள்ளிப்போடக் காரணங்கள் அல்ல. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் இருந்தாலோ, கடுமையான காய்ச்சல் இருந்தாலோ மட்டும் குணமானதும் போடலாம். முன்பு போட்ட அதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமையோ வலிப்போ வந்திருந்தால் அதை ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் பிறந்த தேதியை வைத்தே தவணையைக் கணக்கிடுவார்கள்; மாதம் நிறைவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் மருந்து, ஊசி எதுவும் ஆகாது என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேப்பிலை கட்டுவதையும் விலகியிருப்பதையும் யாரும் தடுக்கவில்லை. ஆனால் தட்டம்மை என்று தோன்றினால் செவிலியருக்கு உடனே சொல்லியனுப்புங்கள். தட்டம்மை வந்த குழந்தையின் கண்ணையும் உயிரையும் காக்க அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வைட்டமின் ஏ தர வேண்டும். அக்கம்பக்கத்தில் ஊசி போடாத குழந்தைகளையும் உடனே தேடிப் போட வேண்டியிருக்கும்.

ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

முதலில், ஊசி போட்ட இடத்திலேயே அரை மணி நேரம் காத்திருங்கள். மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். அதற்கான மருந்து செவிலியரிடம் இருக்கும். பேருந்து போய்விடும் என்று உடனே கிளம்பிவிடக் கூடாது.

பென்டாவேலன்ட் போட்ட அன்று மாலையிலிருந்து ஓரிரு நாட்கள் காய்ச்சலும், தொடையில் வீக்கமும், சிணுங்கலும் இருப்பது இயல்பு. உடல் எதிர்ப்பாற்றலை உருவாக்கிக்கொண்டிருப்பதன் அறிகுறி அது. செவிலியர் தரும் பாரசிட்டமால் மருந்தை, அவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது என்பதால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொன்ன அளவு உங்கள் குழந்தைக்குப் பொருந்தாது. வழக்கம்போல் தாய்ப்பால் கொடுக்கலாம்; மெல்லிய துணி உடுத்தலாம்; வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைக்கலாம். வீக்கத்தின் மேல் எண்ணெய் தேய்ப்பது, மஞ்சள் பற்றுப் போடுவது, அழுத்தி உருவிவிடுவது ஆகியவை வேண்டாம். அப்படிச் செய்தால் குத்திய இடத்தில் சீழ் வைக்கவும் கூடும். தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் பின் ஒரு வாரம் பத்து நாள் கழித்து இலேசான காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் வரலாம். அது தானே அடங்கிவிடும்.

குழந்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் சமாதானமாகாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு போனாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் மிகக் கடுமையாக இருந்தாலோ நேரம் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். பிறகு செவிலியருக்கும் தெரிவியுங்கள். ஊசிக்குப் பின் நேரும் ஒவ்வொரு கடுமையான விளைவும் மாவட்ட அளவில் பதிவு செய்யப்பட்டு விசாரிக்கப்பட வேண்டும் என்பது விதி. சொல்லாமல் விட்டால் அந்த விசாரணைக்கே வழியில்லாமல் போய்விடும்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் புண் வந்திருக்கிறது. சிலருக்குத் தழும்பே வரவில்லையே?

இரண்டுமே அஞ்ச வேண்டியவை அல்ல. இடது மேற்கையில் ஊசி போட்ட சில வாரங்களில் சிறு கொப்புளம் எழுந்து, உடைந்து, புண்ணாகி, மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் ஆறித் தழும்பாகும். மருந்து தடவாமல், கட்டுப் போடாமல், சுத்தமாக மட்டும் வைத்திருங்கள். தழும்பு வரவில்லை என்பதற்காக மறுபடி ஊசி போட வேண்டியதில்லை. அக்குளில் பெரிய கட்டி தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊசியும் சொட்டு மருந்தும் போட்டாகிவிட்டது. போலியோ முகாமுக்கும் போக வேண்டுமா?

போக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், நேற்றுத்தான் சொட்டு மருந்து கொடுத்திருந்தாலும், முகாமில் மீண்டும் கொடுக்கலாம். இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்குப் போலியோ வந்தது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அண்டை நாடுகளில் கிருமி இன்னும் உலவுவதால்தான் முகாம்கள் தொடர்கின்றன.

ஒரு குழந்தைக்காகக் குப்பியை உடைக்க முடியாது என்று திருப்பி அனுப்பினால்?

அது சரியான நடைமுறை அல்ல. தட்டம்மை-ரூபெல்லா, பி.சி.ஜி. ஆகிய ஊசிகளின் தூளைக் கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்; மீதியைக் கொட்டிவிட வேண்டும். பல தவணை கொண்ட குப்பி வீணாகுமே என்ற கவலையில்தான் சிலர் அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே அரசின் வழிகாட்டுதல். நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாயைத் திருப்பி அனுப்புவதைவிட மீதி மருந்து வீணாவது மேல். இந்த விதியைச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள். அப்படியும் மறுத்தால் மருத்துவ அலுவலரைப் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்ன உண்டு?

10, 16 வயதுக்கான டி.டி. ஊசியைப் பெரும்பாலும் பள்ளிக்கே வந்து போடுவார்கள். அன்று விடுப்பெடுத்த பிள்ளையை நீங்கள்தான் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக வழங்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் மகளுக்கு அந்த வயதானால் பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

கர்ப்பிணிகள் பதிவு செய்தவுடன் முதல் டி.டி. ஊசியும், நான்கு வாரம் கழித்து இரண்டாவதும் போட்டுக்கொள்ள வேண்டும். முந்தைய கர்ப்பத்தில் இரண்டு ஊசிகளும் போட்டு மூன்றாண்டுக்குள் மீண்டும் கருவுற்றிருந்தால் ஒன்றே போதும்.

நாய் கடித்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி கிடைக்குமா?

கிடைக்கும், கட்டணமில்லை. ஆனால் அங்கே போகும் முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். முதல் ஊசியை அன்றே போட்டுக்கொண்டு 3, 7, 28ஆம் நாட்களில் மற்றவற்றையும் தவறாமல் போட வேண்டும். இரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். அது இல்லாத நிலையங்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தயங்காமல் போய்விடுங்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது.

வெளிநாடு செல்வோருக்கான மஞ்சள் காய்ச்சல் ஊசி இங்கே போடுவார்களா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை. சென்னை கிண்டியில் 1899 முதல் இயங்கிவரும் கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே அந்த ஊசியும் சான்றிதழும் கிடைக்கும். அதற்குக் கட்டணம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும் என்பதால் பயணச்சீட்டு எடுக்கும்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் அது செல்லுபடியாகும்.

சந்தேகமோ குறையோ இருந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம். அவருடைய எண் அங்கன்வாடி மையத்திலும் துணை சுகாதார நிலையச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கும். அடுத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர். அதற்கு மேல் மாவட்ட சுகாதார அலுவலர். எந்த நேரத்திலும் 104 என்ற எண்ணில் சுகாதார உதவி மையத்தை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஊசி போட்டதும் செவிலியர் நான்கு செய்திகளைத் தாயிடம் சொல்ல வேண்டும்: இன்று போட்டது என்ன, அது எதைத் தடுக்கும்; என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்த தவணை எப்போது; அட்டையைப் பத்திரமாக வைத்து மறுபடி கொண்டுவருவது. கூட்டம் மிகுந்த நாளில் இவற்றில் ஏதேனும் விட்டுப்போனால், எழுந்து போகும் முன் நீங்களே கேட்டு, அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.